குமரியில் இளைஞர் ஓட்டு தனி ஓட்டா? உங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள்

வில்லுக்குறிக்காரன்:

2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வீடு வீடாகப் படிவம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதே நேரத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே பேச்சு: 2026 சட்டமன்றத் தேர்தலில் இளைஞர் ஓட்டுதான் முடிவு செய்யும். விஜய் 2024 பிப்ரவரியில் கட்சியை அறிவித்த நாளிலிருந்தே இந்தப் பேச்சு இருக்கிறது, இப்போது சூடு கூடியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஓட்டு இயந்திரத்துக்கு யார் எந்த வயது என்று தெரியாது. 2024 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரியில் காங்கிரசின் விஜய் வசந்த் ஏறத்தாழ 1.8 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணனை வென்றார். நாம் தமிழர் மூன்றாவது இடம், அதிமுக நான்காவது. மூன்றாவதாக வந்த ஐம்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டும் பையன்மார் போட்டதுதான் என்று எல்லோரும் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள். இருக்கலாம். ஆனால் தேர்தல் ஆணையம் வெளியிடுவது பூத் வாரியான கணக்கு, வயது வாரியானது இல்லை. வயதுக்கும் ஓட்டுக்கும் என்ன தொடர்பு என்று சொல்ல ஆட்களை நேரில் கேட்டு எடுத்த கருத்துக்கணிப்பு வேண்டும். நாடு முழுக்க எடுக்கும் கணிப்பில் நம் ஒரு மாவட்டத்து இருபது வயதுக்காரர்கள் எத்தனை பேர் சிக்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். படித்தவர்கள் எங்கே? சென்னை, பெங்களூர், திருவனந்தபுரம் டெக்னோபார்க், வளைகுடா. 2024இல் மாநிலம் முழுக்க 69.7 சதவீதம் ஓட்டுப் பதிவானபோது நம் தொகுதியில் 65 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. ஆக நாம் "குமரி இளைஞர் இப்படி நினைக்கிறார், பெரியவர் அப்படி நினைக்கிறார்" என்று பேசும்போது, ஊரில் தங்கிவிட்ட இளைஞரை மட்டும் எடுத்து எல்லாப் பெரியவர்களோடும் ஒப்பிடுகிறோம். போனவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அவர்களைச் சேர்க்காமல் இளைஞர் மனநிலை என்று எதைச் சொன்னாலும் அது பாதிக் கதைதான்.

உங்கள் வீட்டில் எப்படி? அப்பாவும் பிள்ளையும் ஒரே சின்னத்தில் போடுகிறார்களா?

வடசேரி ஆசிரியர்:

நல்ல கேள்வி மக்களே. நான் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிறது, பழைய கதை கொஞ்சம் சொல்லலாம் அல்லவா.

இளைஞர்தான் ஆட்சியை மாற்றினார்கள் என்றதும் எல்லோரும் 1967ஐத்தான் சொல்வார்கள். விருதுநகரில் காமராஜரை மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 ஓட்டில் தோற்கடித்தார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் வேகம் அது, உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஓட்டுரிமை வயது 21. தெருவில் இறங்கிய கல்லூரிப் பிள்ளைகளில் ரொம்பப் பேருக்கு ஓட்டே கிடையாது. அவர்கள் தங்கள் அப்பா அம்மாவின் மனதை மாற்றினார்கள், அதனால்தான் ஆட்சி மாறியது. இளைஞருடைய பலத்தை அவர்கள் போடும் ஓட்டை மட்டும் வைத்து எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நம் ஊர். அதே காமராஜரை 1969 ஜனவரி இடைத்தேர்தலில், நேசமணி ஐயா மறைந்ததால் காலியான நாகர்கோவில் தொகுதியில், நாம் ஜெயிக்க வைத்தோம். 1971இல், கட்சி பிளந்த பிறகு காமராஜர் இருந்த பழைய காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே மக்களவைத் தொகுதி நாகர்கோவில்தான். மற்ற மாவட்டத்து இளைஞர்கள் ஒரு பக்கம் போனபோது இங்கே இருந்த இளைஞர்கள் இன்னொரு பக்கம் நின்றார்கள். காரணம் வயது இல்லை. தமிழகத்தோடு இணையக் கேட்டவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11இல் நடந்த துப்பாக்கிச்சூடு, 1956 நவம்பர் 1இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது, அதற்காகப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், இதெல்லாம் எங்கள் தலைமுறை சின்ன வயதில் கேட்டும் பார்த்தும் வளர்ந்தவை. வாலிபத்தில் மனதில் விழுந்தது எழுபது வயதிலும் ஓட்டுச்சாவடிக்குக் கூடவே வருகிறது.

அதனால், கிழவர்கள் எல்லாம் ஒரு கட்சி, பிள்ளைகள் எல்லாம் மாற்றம் தேடுகிறவர்கள் என்று பேசாதீர்கள். வயது ஏறினால் மனம் மாறுவது ஒன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் இருபது வயதில் கண்டதைச் சாகும்வரை சுமப்பது வேறொன்று. ஓட்டுரிமை வயதை 18 ஆக்கிய 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததால் அந்த வருடம் 18 வயதில் முதல் ஓட்டுப் போட்டவர்களுக்கு இந்த 2025இல் 54 வயது. அன்றைக்கு அவர்களையும் "புது ரத்தம்" என்றுதான் சொன்னார்கள்.

கருங்கல்காரி, பெங்களூரிலிருந்து:

முதல் பதிவில் சொன்ன "போனவர்களில்" நானும் ஒருத்தி. 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. நாகர்கோவில் ரயிலில் டிக்கெட் இல்லை, ஆம்னி பஸ் கட்டணம் எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் வந்து போட்டேன். என் கூட வேலை பார்க்கும் குமரிக்காரர்கள் நிறையப் பேர் வரவில்லை. அவர்களுக்கு அரசியல் பிடிக்காது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நீட் பற்றி, தேர்வாணையம் தேர்வு நடத்தும் வேகம் பற்றி, ஊரில் ஒரு ஐடி பூங்காகூட உருப்படியாக இல்லாதது பற்றி ராத்திரி ஒரு மணி வரை பேசுவார்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அம்மாவின் ஓட்டில் 1982 இருக்கிறது. மண்டைக்காடு மதக் கலவரத்தின்போது அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. யார் வந்தால் நமக்குப் பாதுகாப்பு என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எனக்கு முதல் கேள்வி வேலை. லோக்நிதி என்ற ஆய்வு அமைப்பு 2024 தேர்தலுக்கு முன்பு எடுத்த கணிப்பில்கூட வேலையில்லாத் திண்டாட்டம்தான் பெரிய பிரச்சினை என்று 27 சதவீதம் பேரும் விலைவாசி என்று 23 சதவீதம் பேரும் சொன்னார்கள். அது எல்லா வயதினரும் சேர்ந்த கணக்கு, ஆக என் கவலை என் வயதுக்காரர்களின் கவலை மட்டும் இல்லை. ஆனால் கடைசியில் நானும் அம்மாவும் ஒரே பொத்தானைத்தான் அழுத்தினோம், வேறு வேறு காரணத்துக்காக. முடிவை மட்டும் பார்த்தால் எங்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று தோன்றும். காரணத்தைக் கேட்டால் இரண்டு பேரும் இரண்டு உலகத்தில் இருக்கிறோம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமுறை சாதி மதம் பார்க்காது என்று ரீல்ஸில் பேசுகிறவர்கள் கல்யாணத் தரகரிடம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். லோக்நிதி 2016இல் 15 முதல் 34 வயது வரை உள்ளவர்களிடம் எடுத்த ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேர் மனைவி எப்போதும் கணவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றார்கள். வயது குறைவு என்பதாலேயே முற்போக்கு வந்துவிடாது.

கடியப்பட்டணம் அலை:

கடற்கரையில் இருந்து ஒரு விஷயம். இதை உள்நாட்டு ஆட்கள் யோசிப்பதே இல்லை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே குளச்சல், தேங்காப்பட்டணம், தூத்தூர் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2024இல் ஓட்டு ஏப்ரல் 19. சின்னமுட்டம் விசைப்படகுகள் கரையில் நின்றன. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகளுக்கு அது தொழில் காலம். கொச்சியில் இருந்து போனால் வாரக்கணக்கில் கடலுக்குள் இருப்பார்கள். படகில் போகிறவர்கள் யார்? இருபது, முப்பது, நாற்பது வயது ஆண்கள். கரையில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும். அப்படியென்றால் அந்த ஊர் பூத்தில் பதிவாகும் ஓட்டு எந்த வயதின் ஓட்டு?

85 வயது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தபடியே ஓட்டுப் போடலாம், அதிகாரிகளே பெட்டியோடு வருகிறார்கள். நல்ல ஏற்பாடு, எங்கள் பாட்டிமார் அப்படித்தான் போட்டார்கள். ராணுவத்தில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. நடுக்கடலில் நிற்கும் மீனவனுக்கு ஒன்றும் கிடையாது. இளைஞர் ஓட்டு குறைகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

எண்ணத்தில் வித்தியாசம் உண்டா என்றால், எதைப் பற்றி என்பதைப் பொறுத்தது. 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு ரயில் மறியலில் தாத்தாவும் பேரனும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். இனயம், அப்புறம் கோவளம் என்று துறைமுகத் திட்டம் வந்தபோதும் அப்படித்தான். இப்போது கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கும் கடற்கரையில் வயது பார்த்து எதிர்ப்பு இல்லை. உயிர், தொழில், மண் என்று வந்தால் இடைவெளி இருப்பதில்லை. இடைவெளி வருவது யார் பேச்சைக் கேட்பது என்பதில்தான். பெரியவர்கள் கோவில் பங்குப் பேரவையிலும், பங்கு மக்கள் சிறு குழுவாகக் கூடும் அன்பியக் கூட்டத்திலும் பேசியதை வைத்து முடிவெடுக்கிறார்கள். எங்கள் வயதுக்காரர்களும் அதே கூட்டத்தில்தான் உட்காருகிறோம், ஆனால் முடிவைத் தனியாக எடுக்கிறோம், எடுத்ததை வீட்டில் சொல்வதும் இல்லை.

திருவட்டார் பால்வெட்டு:

நான் இதில் பாதியை ஏற்க மாட்டேன். எல்லோரும் ரொம்ப நல்லபடியாகப் பேசுகிறீர்கள். எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். ரப்பர் விலை என்ன என்று அவர்களுக்குத் தெரியாது, பால்வெட்டும் கத்தியைத் தொட்டதே இல்லை. கனிமவள லாரி ராத்திரி பகல் என்று பாராமல் கேரளாவுக்குப் போய் ரோட்டைப் பாழாக்குகிறது, அது பற்றி ஒரு ஸ்டேட்டஸ் வைத்து நான் பார்க்கவில்லை. நடிகர் பேசினால் மட்டும் போனை விட்டு நிமிர்வது இல்லை.

2006இலும் இதே அலையைப் பார்த்தோம். விஜயகாந்த் கட்சி ஆரம்பித்து ஒரு வருடத்துக்குள் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். 2011இல் அதிமுக கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. அதற்கப்புறம்? அன்றைக்குக் கொடி பிடித்த என் சினேகிதர்களுக்கு இன்றைக்கு நாற்பதுக்கு மேல் வயது, ஆளுக்கொரு கட்சியில் இருக்கிறார்கள். ஆசிரியர் ஐயா சொல்கிற மாதிரி இருபது வயதில் விழுந்தது கடைசி வரை நிற்கும் என்றால் அவர்கள் ஏன் நிற்கவில்லை?

வடசேரி ஆசிரியர்:

//அவர்கள் ஏன் நிற்கவில்லை?//

தம்பி, நிற்பது கட்சி இல்லை. "இரண்டு பெரிய கட்சிகளும் வேண்டாம்" என்ற எண்ணம்தான் நிற்கும். அந்த எண்ணம் விஜயகாந்திடம் கொஞ்ச நாள் தங்கியது, அப்புறம் நாம் தமிழரிடம், மக்கள் நீதி மய்யத்திடம், இப்போது வேறிடம். இந்த மாவட்டத்தில் அந்த எண்ணத்துக்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. திமுக, அதிமுக இரண்டையும் தள்ளிவைத்து தேசியக் கட்சிகளுக்குள் சண்டை போடும் ஊர் நம்முடையது. 1996இல் பாஜகவின் முதல் தமிழ்நாட்டு எம்எல்ஏ பத்மநாபபுரத்தில் வந்தார், 2004இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் எம்பி ஆனார். மதுரையில் ஒரு இளைஞன் "மூன்றாவது ஆள் வேண்டும்" என்று சொன்னால் அது அவன் அப்பாவுக்கு எதிரான பேச்சு. நாகர்கோவிலில் சொன்னால் அவன் அப்பாவே சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்.

தோவாளைப்பூ:

இளைஞர் என்றதும் எல்லோரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 2011இல் இங்கே ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள்.

எங்கள் தெருவில் பார்ப்பதைச் சொல்கிறேன். பெண்ணுக்கு 18 முடிந்ததும் அப்பா வீட்டில் பட்டியலில் சேர்க்கிறார்கள். 22, 23இல் கல்யாணம். புகுந்த வீடு இரணியல், அல்லது பாறசாலை, அல்லது மாப்பிள்ளையோடு துபாய். அப்பா வீட்டுப் பூத்தில் "இங்கே இல்லை" என்று பெயரை எடுத்துவிடுகிறார்கள், புகுந்த வீட்டில் படிவம் 8 கொடுத்து மாற்ற யாருக்கும் நினைவு இல்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் திரும்ப ஓட்டு வருகிறது. இளம் பெண்களின் அரசியல் கருத்து என்ன என்று ஆராயும் முன்பு அவர்கள் பட்டியலில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த 2025 திருத்தத்தில் இன்னொரு சிக்கல்: 2002–2005 காலத்துப் பட்டியலில் தன் பெயர் இல்லாதவர்கள் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பெயர் இருக்கும் பாகம், வரிசை எண்ணைக் காட்ட வேண்டும். மாமனார் மாமியார் பெயரைக் காட்ட முடியாது. இரணியலில் இருக்கும் மருமகள் தோவாளைப் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கருத்தைக் கேட்டால், சத்தம் இல்லாமல் தெளிவாக இருக்கிறார்கள். புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தபோது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான் மாதம் ஆயிரம். நம் மாவட்டத்தில் பாதித் தெருவில் மிஷன் பள்ளி, உதவி பெறும் பள்ளி. அதில் தமிழ் வழியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு 2024 டிசம்பர் கடைசியில்தான் அது கிடைக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்து தனக்குக் கிடைக்காத அந்த இரண்டு வருடத்தை எந்தக் கல்லூரிப் பெண்ணும் மறக்கவில்லை. அவள் அம்மா மகளிர் உரிமைத்தொகையை வைத்துக் கணக்குப் போடுகிறாள், மகள் இதை வைத்து. இதை இலவசத்துக்கு விற்ற ஓட்டு என்று சொல்ல வேண்டாம், கையில் வந்ததையும் வராததையும் வைத்து அரசை எடை போடுகிறார்கள்.

வில்லுக்குறிக்காரன்:

நான் தேடியது இந்த மாதிரி பதில்களைத்தான். நாடு முழுக்க உள்ள படத்தையும் கொஞ்சம் சேர்த்துவிடுகிறேன்.

பிரிட்டன் மாதிரி நாடுகளில் இளையவர் ஒரு கட்சி, முதியவர் ஒரு கட்சி என்று ஓட்டு வயதால் நன்றாகவே பிரிகிறது. இங்கே அப்படி இல்லை. சாதி, மதம், வட்டாரம் இவைதான் பெரிய கோடுகள், வயது மெல்லிய கோடு. 2014இல் நாடு முழுக்க இளைஞர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக பாஜக பக்கம் போனார்கள், அதுதான் சமீபத்தில் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம். அதே 2014இல் நம் தொகுதியிலும் பாஜகவின் பொன்னார் (பொன். ராதாகிருஷ்ணன்) வென்றார், 2019இல் காங்கிரசின் வசந்தகுமாரிடம் தோற்றார். ஐந்து வருடத்தில் பிள்ளைகள் எல்லோரும் மாறிவிட்டார்களா? இல்லை. 2014இல் காங்கிரஸ், திமுக, அதிமுக, கம்யூனிஸ்ட் என்று ஆளுக்கொரு பக்கம் நின்று ஓட்டுப் பிரிந்தது, 2019இல் காங்கிரஸ், திமுக, கம்யூனிஸ்ட் கூட்டணி சேர்ந்தது.

அப்புறம் பட்டியல். 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க 18, 19 வயதுக்காரர்கள் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். ஒரு வயதுக்கே இரண்டு கோடிக்கு மேல் பிள்ளைகள் இருக்கும் நாட்டில், இரண்டு வயதுக்குச் சேர்த்து 1.8 கோடி. பாதிக்கு மேல் வெளியே. தோவாளைப்பூ அம்மா சொன்னதும், கடியப்பட்டணம் தம்பி சொன்னதும் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

திருவட்டார் பால்வெட்டு:

பட்டியல் பேச்சு வந்ததால் கேட்கிறேன். மூத்தவன் சென்னையில் இருக்கிறான். படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன், பழைய பட்டியலில் என் பெயரைத் தேடினால் பத்மநாபபுரம் தொகுதியில் கிடைக்கவே இல்லை.

எனக்கு இன்னொரு எண்ணமும் இருக்கிறது. ஊரில் இல்லாதவன் ஓட்டு ஏன் ஊரில் இருக்க வேண்டும்? சென்னையில் தண்ணீர் வரி கட்டுகிறான், அங்கே உள்ள கவுன்சிலரிடம்தான் சாக்கடை பற்றிப் பேச வேண்டும். அங்கேயே மாற்றிக்கொள்ளட்டும். வருடத்துக்கு ஒருமுறை ஓணத்துக்கோ கிறிஸ்துமசுக்கோ வருகிறவன் இங்கே இருந்து கஷ்டப்படுகிறவனின் எம்எல்ஏவைத் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கருங்கல்காரி, பெங்களூரிலிருந்து:

அண்ணாச்சி, சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஓட்டு. ஆனால் நான் மூன்று வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறியிருக்கிறேன், ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள், சில வீட்டுக்காரர்கள் அந்த முகவரியில் ஆவணம் எடுக்கவே விடுவதில்லை. இங்கே என்னை யாரும் வாக்காளராகப் பார்ப்பதில்லை. ஊரில் என் அப்பா அம்மா இருக்கிறார்கள், வீட்டுக் கடன் இருக்கிறது, கடலரிப்பு வந்தால் போகப்போவது என் சித்தப்பா வீடு. ஊரில் வேலை இல்லாததால்தான் வெளியே வந்தோம். அந்த நிலைமையை மாற்றக்கூடிய ஓட்டையும் வெளியே கொண்டுபோ என்றால் நாங்கள் யாரிடம் கேட்பது? உங்கள் மூத்த பையனிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

திருவட்டார் பால்வெட்டு:

கேட்கிறேன். ஆனாலும் என் எண்ணம் அதேதான், உள்ளூர் விஷயத்தில் இங்கே இருப்பவனுக்குத்தான் முதல் உரிமை.

வில்லுக்குறிக்காரன்:

//பத்மநாபபுரம் தொகுதியில் கிடைக்கவே இல்லை//

அண்ணாச்சி, அன்றைக்கு மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதி, திருவட்டார் என்றே ஒரு தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில்தான் அது போய் ஆறாக ஆனது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பழைய பட்டியலைத் திறந்து, தொகுதி என்ற இடத்தில் திருவட்டார் என்று தேர்ந்தெடுங்கள், அப்புறம் நீங்கள் அப்போது ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தை வைத்துப் பாகத்தைப் பாருங்கள். உங்கள் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் கிடைத்தால் இரண்டு பையன்களின் படிவத்திலும் அதையே எழுதலாம். 2026 ஜனவரி 1க்குள் 18 நிரம்பும் பிள்ளைகள் தெருவில் இருந்தால் படிவம் 6 கொடுக்கச் சொல்லுங்கள், 17 முடிந்தவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

கடியப்பட்டணம் தம்பி, படகில் இருப்பவர்களின் படிவத்தை வீட்டில் உள்ள பெரியவர் யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், உறவு முறையை மட்டும் குறிப்பிட வேண்டும். இதை உங்கள் ஊரில் அறிவிப்பாகச் சொல்ல முடியுமா?

கடியப்பட்டணம் அலை:

ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில் சொல்லச் சொல்கிறேன். தூத்தூர் பக்கத்துக் கூட்டாளிகளுக்கும் இப்போதே அனுப்புகிறேன்.